வீட்டில் மட்டும் பார்க்கவும்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

நோர்லன்ட் ஷெரிஃப் அலுவலகத்தில் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பத்தெட்டுக்கு போன் அலறியது.

துணை ஷெரிஃப் ஆர்டிஸ் ஹௌகன் எடுத்தாள்.

"ஆர்டிஸ், ஹில்மா பேசறேன். சர்ச் சமையலறைலேர்ந்து."

"சொல்லுங்க ஹில்மாம்மா."

"காபி தீந்துபோச்சு."

"அதுக்கு எதுக்கு ஷெரிஃப் ஆபீசுக்கு...?"

"இரு, சொல்லி முடிக்கறேன். பெரிய காபிப் பாத்திரம் பாய்லர் ரூம்ல இருக்கு. எடுக்கப் போனேன். அங்க ஒருத்தன் குப்புறக் கிடக்கான். தலையில ரத்தம். பாத்திரத்தை எடுக்கலாமா, இல்ல நீங்க வர்ற வரைக்கும் தொடக் கூடாதா?"

ஆர்டிஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

"செத்துட்டானா?"

"கூப்பிட்டேன், பேசல. மூச்சும் வரல."

"யாரு?"

"அந்த லைசென்ஸ்காரன். கிம்பல்."

அமெரிக்காவின் வடகோடி மினசோட்டாக்காரர்கள் இப்படித்தான். கூரை பற்றி எரிந்தால்கூட, 'கொஞ்சம் புழுக்கமா இருக்கு இல்ல?' என்று கேட்டுவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்கள்.

ஆர்டிஸ் தொப்பியை எடுத்தாள். ஜீப்புக்கு ஓடினாள்.

வழியெல்லாம் அவள் மனதில் ஒரே பெயர் ஓடியது. செத்தவன் பெயர் இல்லை.

டெல்மர்.

அவள் தம்பி!

---

வயர்லெஸ்ஸில் தகவல் கேட்டு அவளுக்கு முன்பே வந்துவிட்ட ஷெரிஃப் ஓர்வில் பிரெக்கி, பாய்லர் அறையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது. தொந்தி. மெதுவான பேச்சு, வேகமான மூளை.

"பின்மண்டையில ஒரே அடி. அதோ பார்."

வாசல் ஐஸை உடைக்கும் இரும்புக் கம்பி. சுவரோரம் சாத்தியிருந்தது. நுனி மட்டும் ஈரமாக இருந்தது.

"கைரேகை?"

"மைனஸ் இருபத்தாறு டிகிரி. இந்த ஊர்ல இன்னிக்குக் கையுறை போடாத கை உண்டா?"

பிணத்தின் பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை. நிறைய இருந்தது. ஒரு சிகரெட்டும் கிடந்தது. கால்வாசிகூட எரியவில்லை.

"ஹில்மா இவனுக்குக் காபி குடுத்தது ஒண்ணு அம்பத்தஞ்சுக்கு. நேரா இங்க வந்து பத்த வெச்சிருக்கான். அதனால ரெண்டு மணிக்கு ஒட்டித்தான் அடி விழுந்திருக்கு. சரியா படம் ஆரம்பிக்கற நேரம்."

"வெளியிலேர்ந்து யாராவது...?"

"பின்கதவைத் திறந்து பாரு."

பார்த்தாள். காலையில் விழுந்த பனி வெள்ளையாக விரிந்து கிடந்தது. அதில் ஒரு காலடி இல்லை!

"முன்கதவு வழியா வந்தவங்க எல்லாரும் ஹால்லதான் இருக்காங்க. நானே எண்ணினேன். அறுபத்திரண்டு பேர். அதுல ஒருத்தர் படம் ஆரம்பிக்கும்போது உள்ள இல்ல. இருட்டுல அப்பறமா வந்து உக்காந்திருக்கார்." ஷெரிஃப் மூச்சு வாங்கினார். "ஆர்டிஸ்... நீ வீட்டுக்குப் போயேன்."

"ஏன் சார்?"

"ஏன்னு உனக்கே தெரியும். இன்னிக்குக் காலையில கஃபேல உன் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? 'அந்த ஆள் இன்னொரு தடவை இந்த ஊர்ல கால் வெச்சா திரும்பிப் போக மாட்டான்'னு. பத்து பேர் கேட்டாங்க. பதினோராவது ஆள் நான். முட்டை சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்."

"கோவத்துல சொல்றதெல்லாம் கொலையா சார்?"

"இல்ல. ஆனா மத்தவங்க யாரும் சொல்லலியே."

---

சங்கதி இதுதான்.

ஊரில் இருக்கும் ஒரே வீடியோ கடை டெல்மருடையது. சனிக்கிழமைதோறும் அவன் கடையிலிருந்து சர்ச் ஒரு கேசட் வாடகைக்கு எடுக்கும். கீழ்த்தள ஹாலில் பெரிய டிவியில் இரண்டு மணிக்குப் படம். டிக்கெட் கிடையாது. காபியும் எலுமிச்சை கேக்கும் இலவசம். எட்டு வருஷமாக நடக்கிறது.

போன சனிக்கிழமை படம் முடிந்து விளக்கு போட்டதும் கடைசி வரிசையில் ஒரு ஆள் எழுந்தான். கோட், டை, கையில் தோல் பை. வாலஸ் கிம்பல். படக் கம்பெனிகளுக்காக லைசென்ஸ் வசூலிக்கும் நிறுவனத்தின் ஏஜென்ட்.

"மன்னிக்கணும். நீங்க இப்ப செஞ்சது சட்டப்படி தப்பு" என்றான்.

"காசு வாங்கலியே" என்றார் பாஸ்டர் நெஸ்.

"வாங்கினாலும் வாங்காட்டியும் ஒண்ணுதான் பாஸ்டர். வாடகைக் கேசட்டை வீட்டுல பாக்கலாம். குடும்பத்தோட பாக்கலாம், நாலு சிநேகிதங்களைக் கூப்பிட்டும் பாக்கலாம். அறுபது பேரைக் கூட்டி வெச்சுப் பாக்கணும்னா தனியா லைசென்ஸ் வேணும். கேசட் ஆரம்பத்துல சிவப்பா எச்சரிக்கை வருதே, படிச்சதில்லையா?"

படித்ததில்லை. அதுதான் வேடிக்கை! அந்த எச்சரிக்கை வரும்போதெல்லாம் பாஸ்டர் எழுந்து போய்த் தன் கம்பளித் தொப்பியை டிவிமேல் பிடித்து மறைப்பார். சபையார் அத்தனை பேரும் தொண்டையைச் செருமி இருமுவார்கள். எச்சரிக்கை போனதும் தொப்பி இறங்கும், இருமல் நிற்கும், படம் ஓடும். ஞாயிறு ஆராதனையில்கூட இவ்வளவு ஒற்றுமை கிடையாது.

"இது கர்த்தருடைய வீடு" என்றார் பாஸ்டர். "வீட்டுல பாக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கர்த்தர் பேர்ல கேசட் கடை மெம்பர் கார்டு இருக்கா பாஸ்டர்?"

யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கிம்பல் டெல்மரின் கடைக்கும் போனான். ஒரு கேசட்டை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க டெல்மர் தூங்கவில்லை.

---

"தலைநகர் செயின்ட் பால்லேர்ந்து தடய நிபுணர்கள் நாலரைக்கு வர்றாங்க" என்றார் ஷெரிஃப். "அவங்க வர்றப்ப டெல்மரை ஒப்படைக்கப் போறேன்."

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

"சொந்தத் தம்பியை விசாரிக்கற கேஸ்ல நீ இருக்கக் கூடாது."

"நான் விசாரிக்கல. அவன் செய்யலைன்னு நிரூபிக்கறேன்."

"ரெண்டுக்கும் ஒரே கேள்விகள்தான்மா" என்றார் ஷெரிஃப். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

டெல்மருக்கு நாலு வயதில் அம்மா போனாள். அப்போது ஆர்டிஸுக்குப் பதினெட்டு. ஷூவுக்குக் கயிறு கட்ட, பெயர் எழுத, பொய் சொன்னால் காது சிவக்கும் என்று பயப்பட... எல்லாம் கற்றுக் கொடுத்தது அவள்தான். அவனைச் சிறைக்கு அனுப்பினால் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.

ஹாலுக்குள் நுழைந்தாள். அறுபத்திரண்டு பேர் மடக்கு நாற்காலிகளில். கடைசி வரிசையில் டெல்மர். அவளைப் பார்த்ததும் சின்னப் பையன் மாதிரி கையை உயர்த்தினான்.

"யாரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாது" என்றாள் ஆர்டிஸ். "கூப்பிடும்போது வாங்க."

இந்தச் சபையில் பேசாமல் இருக்கச் சொல்வது தண்டனையே இல்லை. எல்லோரும் நிம்மதியானார்கள்.

முதலில் தோர்வால்ட் தாத்தாவைக் கூப்பிட்டாள். தொண்ணூறு வயது. முன்வரிசை.

"படம் ஆரம்பிச்சப்ப முழிச்சிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"நான் எப்ப முழிச்சிருக்கேன்? உக்காந்ததும் தூங்கிட்டேன். சிரிப்புச் சத்தத்துலதான் எழுந்தேன்."

"எப்ப சிரிச்சாங்க?"

"ஆரம்பத்துலயே. எல்லாரும் சிரிச்சாங்க. ஹில்மாகூட சிரிச்சா. அவ கடைசியாச் சிரிச்சது எங்கப்பன் ஏணிலேர்ந்து விழுந்தப்ப."

ஆர்டிஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

படத்தின் ஆரம்பத்தில் சிரிப்பா? அங்கே இருமல் அல்லவா வரும்?

---

பாஸ்டர் நெஸ் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"எதுக்கு பாஸ்டர் சிரிச்சாங்க?"

"என்னைப் பாத்துத்தான்."

"புரியல."

"வழக்கம் போல தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எச்சரிக்கை வரல. நேராப் படம் ஆரம்பிச்சிடுச்சு. நான் கதாநாயகி முகத்துல தொப்பியை வெச்சுக்கிட்டு நிக்கறேன். சபை சிரிக்காம என்ன செய்யும்?"

"ஏன் வரல? டெல்மர் கடைக் கேசட்தானே?"

பாஸ்டர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"பாஸ்டர்... அடுத்த ரூம்ல ஒருத்தன் செத்துக் கிடக்கான்."

அவர் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். முத்திரை போட்ட லைசென்ஸ். நோர்லன்ட் சர்ச், ஒரே ஒரு காட்சி, இன்றைய தேதி.

"திங்கட்கிழமை நானே கிம்பலுக்கு போன் பண்ணினேன். லைசென்ஸ் வேணும்னு கேட்டேன்."

"ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல 'சீசருக்குத் தலைவணங்க மாட்டேன்'னு முழங்கினீங்களே?"

"அதனாலதான் யாருக்கும் சொல்லல." அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "இன்னிக்கு ஒண்ணேகாலுக்கு கிம்பல் தானே வந்தான். பொது இடத்துல போடறதுக்குன்னு தனியா வர்ற கேசட்டைக் கொண்டாந்து குடுத்தான். அதுல அந்த எச்சரிக்கை கிடையாதுன்னு தொப்பியோட நின்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது. மெஷின்ல அதைப் போட்டேன். டெல்மரோட கேசட்டைத் தொடவே இல்ல. டப்பாவோட அப்படியே டிவி மேல கிடக்கு."

"அப்ப கிம்பல் இங்க வந்தது..."

"சண்டை போட இல்லம்மா. உதவி செய்ய வந்தான். 'படம் பாத்துட்டுப் போறேனே பாஸ்டர், இந்தத் தடவை நிம்மதியாப் பாக்கலாம்'னான்."

ஆர்டிஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

வழி கிடைத்துவிட்டது!

இரண்டு மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சிரிப்பு தெரியும். உட்காராத ஒரே ஒருவனுக்குத் தெரியாது. அவன் எட்டு வருஷப் பழக்கத்தை நம்பிப் பொய் சொல்வான்.

டெல்மர் தப்பித்தான்!

---

"நீயா இதைக் கண்டுபிடிச்சே?" என்றார் ஷெரிஃப்.

"கொலைகாரனே கண்டுபிடிச்சுக் குடுப்பான் சார். ஆளுக்கு ஒரு சீட்டு. 'படம் எப்படி ஆரம்பித்தது?' ஒரே வரி, கீழ கையெழுத்து."

காணிக்கைத் தட்டு சுற்றி வந்தது. அறுபத்திரண்டு சீட்டு விழுந்தது. அந்தத் தட்டில் அவ்வளவு சீக்கிரம் எதுவும் விழுந்ததில்லை.

ஆர்டிஸ் தட்டோடு சமையலறைக்குப் போனாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஹில்மா யாரோ கொடுத்த பாத்திரத்தில் மறுபடி காபி போட்டிருந்தாள். பிணம் விழுந்தாலும் காபி நிற்காது.

மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

'பாஸ்டர் தொப்பியைப் பிடித்தார். எச்சரிக்கை வரவில்லை. சிரித்தோம்.'

'தொப்பி வீண். நல்ல சிரிப்பு.'

'தூங்கினேன். சிரிப்பில் எழுந்தேன்.'

'படம் நேராக ஆரம்பித்தது. பாஸ்டருக்கு வெட்கம்.'

இருபது. நாற்பது. அறுபத்தொன்று. எல்லாம் ஒன்று போல. ஹில்மாவும் பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்ததை எழுதியிருந்தாள்.

கடைசிச் சீட்டைப் பிரித்தாள்.

'வழக்கம் போல சிவப்பு எச்சரிக்கை வந்தது. பாஸ்டர் தொப்பியால் மறைத்தார். எல்லோரும் இருமினோம். நானும் இருமினேன்.'

கீழே கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் படிக்க அவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை. கை பிடித்து எழுதக் கற்றுக் கொடுத்தவள் அவள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பேனாவால் கெட்டது.

"அக்கா..."

நிமிர்ந்தாள். வாசலில் டெல்மர்.

"என்னோடது கிடைச்சுதா? இப்பவாவது ஷெரிஃப் நம்புவாரா?"

அவள் சீட்டை அவன் பக்கம் திருப்பினாள்.

"எச்சரிக்கை வந்துச்சா டெல்மர்?"

"வந்துச்சே. என் கடைக் கேசட், எனக்குத் தெரியாதா?"

"உன் கேசட் ஓடவே இல்லடா. டப்பாவைத் திறந்து பாரு, உள்ளயே இருக்கு. இன்னிக்கு ஓடினது லைசென்ஸ் கேசட். அதுல எச்சரிக்கை கிடையாது. ஹாலே விழுந்து விழுந்து சிரிச்சுது. உன்னைத் தவிர."

டெல்மரின் காது சிவந்தது. முப்பத்துநாலு வயதிலும்.

"எதுக்குடா?" அவள் எழுந்து அவன் எதிரில் வந்து நின்றாள். "எதுக்குடா செஞ்சே?"

அவன் கதவைச் சாத்தினான்.

"கடையில பாதிக் கேசட் நானே எடுத்த நகல் அக்கா. ஒண்ணை வாங்கி நாலாப் போட்டது. அவன் கையில எடுத்துப் பாத்தது அதுல ஒண்ணு. தெரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். இன்னிக்கு மறுபடியும் வந்து நிக்கறான். பின்னாடியே போனேன். 'எதுக்கு வந்தே'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'ஒரு கேசட் விஷயமா வந்தேன்'னான். சிரிச்சான் அக்கா. சிரிச்சுக்கிட்டே சிகரெட் பத்த வெச்சான். திரும்பினான்..."

"சர்ச் கேசட் விஷயமாடா! பாஸ்டர் கேட்ட கேசட்டைக் குடுக்க வந்தான்! உன் கடையைப் பத்தி அவன் நெனச்சுக்கூடப் பாக்கல."

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். கனம் டெல்மருடையது. செத்தது வழிப்போக்கன்.

டெல்மர் அடுப்பைப் பார்த்தான். அவளையும் பார்த்தான்.

"ஒரு சீட்டுதானே அக்கா."

"என்ன?"

"அடுப்புல போட்டுடு. வேற ஒண்ணு எழுது. என் கையெழுத்து உனக்கு வரும். நீதானே சொல்லிக் குடுத்தே."

ஆர்டிஸ் சீட்டை அடுப்புப் பக்கம் கொண்டுபோனாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தைந்து. அடுப்பு நீலமாக எரிந்தது. ஒரு விரல் நீளக் காகிதம். ஒரு நொடி வேலை. அம்மாவின் முகம் வந்து போனது.

"சரி, எரிச்சுட்டேன்னு வெச்சுக்கோ" என்றாள் மெதுவாக. "அப்ப கொலைகாரன் யாரு? ஷெரிஃப் யாரைத் தூக்குவார்? அறுபத்திரண்டு சீட்டும் ஒத்துப்போனா, படம் ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே அடி விழுந்துதுன்னுதான் ஆகும். ஒண்ணேகாலுக்கு அவனைத் தனியாப் பாத்து, அதை மறைச்சு வெச்சவர் ஒருத்தர்தான் இருக்கார்."

"யாரு?"

"பாஸ்டர் நெஸ். அம்மாவை அடக்கம் பண்ணினவர். அந்தக் குளிர்காலம் பூரா நமக்குச் சாப்பாடு அனுப்பினவர்."

டெல்மர் யோசித்தான். கொஞ்ச நேரம்தான் யோசித்தான்.

"அவருக்கு வயசாயிடுச்சே அக்கா" என்றான்.

ஆர்டிஸ் அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் வளர்த்தவனை, இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

சீட்டை அடுப்பிலிருந்து விலக்கினாள்.

கதவு திறந்தது. ஷெரிஃப்.

"நாலு மணி. அறுபத்திரண்டும் சரியா இருக்கா ஆர்டிஸ்?"

"இருக்கு சார்." ஒரு சீட்டை மட்டும் தனியாக நீட்டினாள். "அறுபத்தொண்ணு ஒரு பக்கம். ஒண்ணு மட்டும் இருமுது."

ஷெரிஃப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றினார். செத்தவனுக்குக்கூட அவர் அதைச் செய்யவில்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன்மா. நீ வரவேணாம்."

"நானே கூட்டிட்டுப் போறேன். முதல் நாள் ஸ்கூலுக்கும் நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

---

ஜீப் பனியில் ஊர்ந்தது. பின்னிருக்கையில் விலங்கோடு டெல்மர். சர்ச், கஃபே, அவன் வீடியோ கடை... ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கடைக் கதவில் 'ஐந்து மணிக்குத் திரும்புவேன்' என்ற அட்டை தொங்கியது.

அவன் கடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

பிறகு சின்னக் குரலில் கேட்டான்.

"அக்கா... ஜெயில்ல சனிக்கிழமைல படம் போடுவாங்களாமே. நெஜமா?"

ஆர்டிஸ் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கியரை மாற்றினாள்.

"போடுவாங்க டெல்மர். ஆனா ஜெயில் வீடு இல்ல பாரு, அதனால ஒழுங்கா லைசென்ஸ் எடுத்துத்தான் போடுவாங்க. எச்சரிக்கை வராது... இருமிடாதே!"